கார் இன்ஜின் பறந்தால் எந்த ஆயில்? லாரிப் பட்டறை சொல்லும் பாதிப் பதில்

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஏதாவது ஒரு லாரிப் பட்டறை வாசலில் நின்று, "அண்ணா, இந்த வண்டிக்கு எந்த ஆயில் ஊத்தறதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். "பதினஞ்சு நாப்பது ஊத்துங்க தம்பி." டீசல் லாரிக்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுக்கும் 15டபிள்யூ-40 ஆயிலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சரி, ஒரு கார் இன்ஜினைக் கழற்றி, கொஞ்சம் மாற்றியமைத்து, முன்னால் புரொப்பல்லரை மாட்டிவிட்டால்? அதே ஆயில் போதுமா? விமானத்துக்கென்று விற்கும் ஆயில்தான் வேண்டுமா? வானத்தில் பறப்பதால் 'உசத்தி' ஆயிலாகப் பார்த்து ஊற்றினால் பாதுகாப்பா?

கேள்வி விளையாட்டுக்கு அல்ல. சேலத்துக்குப் பக்கத்தில் காமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது. விமானப் பயிற்சிப் பள்ளிகள் அமைக்க இந்திய விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த இடங்களில் சேலமும் ஒன்று. இந்தியப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் ஓட்டும் டயமண்ட் நிறுவனத்தின் டிஏ-40, டிஏ-42 ரக டீசல் விமானங்களின் இன்ஜின், பிறப்பால் மெர்சிடீஸ் பென்ஸ் கார் இன்ஜின். கார் இன்ஜின் பறப்பது கற்பனை அல்ல, அன்றாடம்.

ஆயில் தவறினால் என்ன ஆகும்? தொப்பூர் கணவாயில் லாரிக்கு ஆயில் அழுத்தம் குறைந்தால், டிரைவர் ஓரம் கட்டலாம். கிளீனர் கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார். மெக்கானிக்குக்குப் போன் போகும். ஆயிரம் அடி உயரத்தில் ஓரம் என்ற ஒன்று கிடையாது. கீழே மரவள்ளிக் காடு தெரிந்தால் அதில்தான் இறங்க வேண்டும்.

கார் இன்ஜின் எப்படி விமானத்துக்கு வந்தது?

இது புதுப் பழக்கம் அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்போல், 1920-களின் கடைசியிலேயே ஃபோர்டு 'மாடல் ஏ' கார் இன்ஜினைத் தன் மர விமானத்தில் மாட்டிப் பறந்தார். பின்னாளில் அதே விமானத்தில் செவர்லே கோர்வேர் காரின் இன்ஜினையும் பொருத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் இன்ஜின் சிறு விமானங்களுக்குப் பிடித்த இன்ஜினாக ஆனது. அது காற்றால் குளிரும், எடை குறைவு, விலையும் குறைவு. அதற்கடுத்து சுபாரு இன்ஜின்கள் வந்தன.

இவை பெரும்பாலும் சொந்தமாக விமானம் கட்டியவர்கள் செய்தது. முறையான சான்றிதழோடு கார் டீசல் இன்ஜின் பறக்கத் தொடங்கியது 2002 வாக்கில். ஜெர்மனியின் தீலெர்ட் நிறுவனம், மெர்சிடீஸ் ஏ-கிளாஸ் காரின் 1.7 லிட்டர் டீசல் இன்ஜினை மாற்றியமைத்து 'செஞ்சுரியன்' என்ற பெயரில் தந்தது. அந்த நிறுவனம் 2008-ல் திவாலானது. டயமண்ட் நிறுவனத்தின் துணை நிறுவனமான ஆஸ்ட்ரோ இன்ஜின், மெர்சிடீஸின் 2 லிட்டர் டீசலை அடிப்படையாக வைத்து ஏஇ-300 என்ற இன்ஜினை உருவாக்கியது. 2009-ல் அதற்கு ஐரோப்பியச் சான்று கிடைத்தது. ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோல் எல்லா விமான நிலையங்களிலும் கிடைக்காது. ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் ஏடிஎஃப் அதைவிடப் பரவலாகக் கிடைக்கும். ஏடிஎஃப்-பில் ஓடும் இந்த டீசல் விமானங்களைப் பயிற்சிப் பள்ளிகள் விரும்ப இதுவும் ஒரு காரணம்.

ஆயில் பார்ப்பது வானத்தை அல்ல, இன்ஜினை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். 'விமானத்தில் இருக்கிறது, அதனால் விமான ஆயில்' என்பது தவறு. 'கார் இன்ஜின்தானே, அதனால் எந்தக் கார் ஆயிலும் ஆகும்' என்பதும் தவறு.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் லைகாமிங் இன்ஜின் இருக்கும். விமானத்துக்கென்றே பிறந்த இன்ஜின் அது. தண்ணீர் கிடையாது, காற்றுதான் குளிர்விக்கும். சூடேறும்போது உலோகம் நன்றாக விரியும் என்பதால் உள்ளே இடைவெளிகளைத் தாராளமாக வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி வழியே கொஞ்சம் ஆயில் எரியறைக்குள் போய் எரிந்துகொண்டே இருக்கும். அது இயல்பு.

இந்த இன்ஜினுக்குக் கார் ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்? கார் ஆயிலில் அழுக்கைக் கழுவுவதற்காகக் கால்சியம், மெக்னீசியம் போன்ற உலோகச் சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் இருக்கும். ஆயில் எரிந்தால் இவை எரியாமல் சாம்பலாகத் தங்கிவிடும். அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையில் படிந்து, சூட்டில் கனலாக நிற்கும். ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே அந்தக் கனல் எரிபொருளைப் பற்றவைத்துவிடும். இப்படி முன்கூட்டியே பற்றும் தீ, பிஸ்டனில் ஓட்டை போடக்கூடியது. அதனால்தான் லைகாமிங் போன்ற இன்ஜின்களுக்குச் சாம்பல் விடாத தனி ஆயில் வந்தது. கார் ஆயில் ஊற்றினால் இன்ஜினே போய்விடலாம் என்று அதன் தயாரிப்பாளரே எச்சரிக்கிறார்.

இப்போது மெர்சிடீஸ் டீசலுக்கு வருவோம். அது தண்ணீரால் குளிரும். வெப்பம் ஒரே அளவில் நிற்கும் என்பதால் இடைவெளிகள் மிக நெருக்கம். ஆயில் எரிவது குறைவு. ஆனால் டீசல் புகைக்கரி ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். அந்தக் கரியைக் கட்டியாக விடாமல் மிதக்க வைக்கும் சக்தி, கழுவும் உலோகச் சேர்மங்கள், டர்போவின் சூட்டைத் தாங்கும் திறன் எல்லாம் ஆயிலுக்கு வேண்டும். செஸ்னாவுக்கு ஆகாத சரக்கேதான் இதற்கு உயிர். சாம்பல் விடாத விமான ஆயிலை இதில் ஊற்றினால், கரியைச் சமாளிக்க ஆளில்லாமல் போகும்.

அதனால்தான் இத்தகைய டீசல் விமான இன்ஜின்களின் கையேடுகளில் 5டபிள்யூ-30 போன்ற சிந்தெடிக் கார் ஆயில் வகைகளைப் பார்க்கலாம். விமான ஆயிலுக்குப் பேர்போன ஏரோஷெல் வரிசையிலேயே 'டீசல் அல்ட்ரா 5டபிள்யூ-30' என்று ஒன்று இருக்கிறது. பெயர் விமானத்துடையது. வம்சம் கார் ஆயிலுடையது.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

டப்பாவில் எழுதியிருக்கும் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. கார் ஆயிலில் 15டபிள்யூ-40 என்றால் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னால் இருக்கும் எண், குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது. பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது.

விமான ஆயிலில் 'டபிள்யூ 100' என்று இருந்தால், அதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பதல்ல. சாம்பல் விடாத வகை என்பதற்கான அடையாளம். 100 என்பதும் எஸ்ஏஇ 100 அல்ல. அது கார் கணக்கில் எஸ்ஏஇ 50. டபிள்யூ 80 என்றால் எஸ்ஏஇ 40. கிட்டத்தட்ட இரட்டிப்பு எண். "நூறு போட்டிருக்கு, செம கெட்டி ஆயிலு" என்று நினைப்பவர் இங்கேயே வழுக்குவார்.

அடுத்தது வெயில் வாதம். 'சேலம், நாமக்கல் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது, அதனால் கெட்டி ஆயில்தான் நல்லது' என்பது பட்டறைகளில் பழகிப்போன நம்பிக்கை. அதில் பாதி உண்மை. இங்கே குளிர்காலத்திலும் உறைபனி கிடையாது, எனவே முன் எண்ணைப் பற்றி ஐரோப்பியர் அளவுக்குக் கவலைப்பட வேண்டாம். பின் எண் விஷயம் வேறு. 100 டிகிரியில் எஸ்ஏஇ 30 ஆயிலின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருக்கும். எஸ்ஏஇ 50 ஆயிலுக்கு அது 16.3-க்கு மேல். நெருக்கமான இடைவெளி வைத்துச் செய்த பேரிங்கில் அவ்வளவு கெட்டி ஆயிலைத் தள்ளினால் ஓட்டம் குறையும். ஆயிலுக்கு வழுவழுப்பு மட்டும் வேலையல்ல, சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அதன் வேலை. ஓட்டம் குறைந்தால் பேரிங் அதிகமாகச் சூடாகும். அழுத்த மீட்டரில் முள் உயரமாக நிற்கும், ஓட்டுபவர் நிம்மதியாக இருப்பார், உள்ளே பேரிங் வேகும்.

பழைய பீட்டில் இன்ஜின் கதை இதற்கு நேர்மாறு. இடைவெளி அதிகம், காற்றுக் குளிர்ச்சி, கோடையில் ஆயில் சூடு ஏறிக்கொண்டே போகும். அங்கே மெல்லிய 5டபிள்யூ-30 ஆபத்து. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கால இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் நேருக்கு நேர் உரசும். அந்த உரசலைத் தாங்கத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் நிறைய வேண்டும். இன்றைய கார்களில் புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிஸ்டைப் பாஸ்பரஸ் கெடுத்துவிடும் என்பதால், புதிய தரத்து மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் அதன் அளவுக்கு 0.08 சதவீதம் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். 'புதிய தரம், விலை அதிகம், எனவே பழைய இன்ஜினுக்கும் நல்லது' என்ற கணக்கு இங்கே உதைக்கிறது.

ரிக் வண்டிக்காரருக்குத் தெரிந்த ரகசியம்

இந்தப் பகுதி மக்களுக்கு விமானம் தூரமாகத் தெரியலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி அப்படி அல்ல. நாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகளில், லாரியை ஓட்டும் இன்ஜின் ஒன்று, மேலே கம்ப்ரசரைச் சுற்றும் இன்ஜின் இன்னொன்று. மேலே இருக்கும் இன்ஜின் ஒரு கிலோமீட்டர்கூடத் தானாக நகராது. ஆனால் துளை போடும்போது மணிக்கணக்கில் ஒரே வேகத்தில், பாரத்தை இறக்காமல் முக்கிக்கொண்டு நிற்கும். அதனால் அதற்கு ஆயில் மாற்றக் கிலோமீட்டர் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஓடிய மணி நேரம்தான் கணக்கு.

விமான இன்ஜினும் இதே சாதிதான்.

சேலம்-கோவை நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு, அதன் இன்ஜினின் முழுச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். சிக்னலில் ஓய்வு, இறக்கத்தில் ஓய்வு. சிறு விமானமோ பறக்கும் நேரம் முழுக்க 65 முதல் 75 சதவீதச் சக்தியில் ஓடும். மேலேறும்போது ஏறக்குறைய முழுச் சக்தி. வெயில் நேரத்தில் காற்று லேசாகிவிடுவதால் ஏற்றம் மந்தமாகும், முழுச் சக்தியில் நிற்கும் நேரம் நீளும், ரேடியேட்டருக்குக் கிடைக்கும் குளிர்ச்சியும் குறையும்.

ஒரு மனக்கணக்கு போடலாம். காருக்கு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறோம். சராசரி வேகம் 50 கி.மீ. என்றால் அது 200 மணி நேரம். அந்த 200 மணி நேரமும் ஐந்தில் ஒரு பங்கு சக்தியில் ஓடியது என்று வைத்தால், அதே வேலையை 70 சதவீதச் சக்தியில் ஓடும் இன்ஜின் 57 மணி நேரத்தில் முடித்துவிடும். இது தோராயம்தான். ஆனால் விமான இன்ஜின் கையேடுகள் ஆயில் மாற்ற 50 மணி, 100 மணி என்று சொல்வது ஏன் என்பது இதில் விளங்கும். கார் ஆயில் டப்பாவில் '15,000 கி.மீ. வரை கவலையில்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்து யாரும் பறக்கக் கூடாது.

நேரம் ஓடாமல் நின்றாலும் ஆபத்துதான். மாதக்கணக்கில் ஹேங்கரில் நிற்கும் இன்ஜினுக்குள் ஈரம் சேரும். அந்தத் தண்ணீர் ஆயிலில் கலந்து அமிலமாகி, கேம்ஷாஃப்ட்டை அரிக்கும். தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஈரம் போகாது, இன்னும் சேரும். பறக்கும் நாளில் ஒருமுறையாவது ஆயில் சூடு 100 டிகிரியைத் தொட வேண்டும் என்று ரோட்டாக்ஸ் இன்ஜின் கையேடு சொல்வது இதற்காகத்தான்.

கியர்பாக்ஸ் யாருடைய ஆயிலைக் குடிக்கிறது?

கார் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் சக்தி தரும். புரொப்பல்லர் அவ்வளவு வேகமாகச் சுற்றக் கூடாது. அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் இழுவை குறைந்து இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் நடுவில் வேகம் குறைக்கும் கியர்பாக்ஸ் வேண்டும். செஞ்சுரியன், ஏஇ-300 இன்ஜின்கள் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்றில் ஓடும்போது புரொப்பல்லர் சுமார் 2,300 சுற்றில் ஓடும். இந்த கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். இன்ஜின் ஆயிலை இதிலோ, இதை இன்ஜினிலோ ஊற்றினால் கதை முடிந்தது.

ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில் ஏற்பாடு வேறு. இது கார் இன்ஜின் வம்சம் அல்ல என்றாலும் ஆயில் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கி, 2022-ல் புதுச்சேரிக் கடலோரத்தில் சோதனைப் பறப்புகளை முடித்த 'ஹன்சா-என்ஜி' பயிற்சி விமானத்தில் இருப்பது இந்தக் குடும்பத்து இன்ஜின்தான். இதில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியர்பாக்ஸுக்குள் அதிர்ச்சியைத் தாங்க ஒரு சறுக்கு கிளட்சும் உண்டு.

இங்கே பைக் மெக்கானிக்குகள் தலையாட்டுவார்கள். பைக்கிலும் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஆசைப்பட்டு அதில் விலை உயர்ந்த கார் ஆயிலை ஊற்றினால், உராய்வைக் குறைக்கும் சரக்கு அதில் இருப்பதால் கிளட்ச் வழுக்கும். "வண்டி இரையுது, இழுக்க மாட்டேங்குது" என்று பட்டறைக்கு வரும். ரோட்டாக்ஸுக்கும் அதே நியாயம். பைக் வகை ஆயில், கியர் பற்களைக் காக்கும் சரக்குடன் வேண்டும், உராய்வு குறைக்கும் சரக்கு கூடாது. வழக்கமான விமான ஆயிலை ஊற்றவே கூடாது என்று கையேடு சொல்கிறது.

பெட்ரோல் மாறினால் ஆயிலும் மாறும்

ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, டேங்கில் என்ன இருக்கிறது என்பது.

சிறு விமானங்களுக்கான ஏவ்கேஸ் 100எல்எல் பெட்ரோலில் இன்றும் ஈயம் இருக்கிறது. பெயரில் 'ஈயம் குறைவு' என்று இருந்தாலும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-ல் உள்நாட்டிலேயே தயாரித்து அறிமுகப்படுத்திய ஏவ்கேஸும் இந்த 100எல்எல் வகைதான். கார் பெட்ரோலில் ஈயத்தை இந்தியா 2000-ம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. எனவே இன்றைய கார் ஆயில் செய்பவர் ஈயத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய பாடம் உண்டு. மோபில் நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் 'ஏவி-1' என்ற முழு சிந்தெடிக் விமான ஆயிலைக் கொண்டுவந்தது. காகிதத்தில் பார்த்தால் அற்புதமான ஆயில். சூட்டைத் தாங்கியது, குளிரிலும் ஓடியது. ஆனால் முழு சிந்தெடிக் ஆயிலுக்கு ஈயக் கழிவைக் கரைத்து மிதக்க வைக்கும் தன்மை குறைவு. ஈயம் சாம்பல் நிறச் சேறாகப் பிரிந்து, ஆயில் போகும் பாதைகளை அடைத்தது. இன்ஜின்கள் கெட்டன, வழக்குகள் வந்தன, நிறுவனம் இழப்பீடு கொடுத்து 1990-களின் நடுவில் அந்த ஆயிலையே திரும்பப் பெற்றது. தரம் குறைந்த ஆயில் அல்ல அது. இடம் மாறிய ஆயில்.

அப்படியானால் பங்க்கில் ஈயமில்லாத கார் பெட்ரோலைப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? ரோட்டாக்ஸ் போன்ற இன்ஜின்கள் அதை ஏற்கும், ஆனால் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்தியாவில் 2025-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் ஒட்டுப்பசைகளையும் கெடுக்கும்.

ஆக, பங்க் பெட்ரோல் ஒத்துவராது, ஏவ்கேஸ்தான் கதி. ஏவ்கேஸ் என்றால் ஈயம். ஈயம் என்றால் முழு சிந்தெடிக் வேண்டாம், பாதி சிந்தெடிக் நல்லது. ஆயில் மாற்றும் இடைவெளியும் சுருங்க வேண்டும். ஈயமில்லாத பெட்ரோலில் 100 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லும் ரோட்டாக்ஸ், பெரும்பாலும் ஏவ்கேஸில் ஓடினால் அதை 50 மணியாகக் குறைக்கிறது, 25 மணிக்கே மாற்றினால் இன்னும் நல்லது என்கிறது. டெல்லியில் எடுத்த எத்தனால் முடிவு, சேலத்தில் ஒரு ஆயில் டப்பாவின் தேர்வை இப்படித்தான் தொடுகிறது.

டீசல் விமானங்களுக்கு இந்த ஈயத் தலைவலி இல்லை. ஏடிஎஃப்-பில் ஈயமும் கிடையாது, எத்தனாலும் கிடையாது. அங்கே எதிரி புகைக்கரி.

சட்டம் என்ன சொல்கிறது?

சான்று பெற்ற விமானத்தில் ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓட்டுபவருக்கும் இல்லை, பட்டறைக்கும் இல்லை. இன்ஜின் கையேட்டில் எந்த வகை என்று இருக்கிறதோ அதுதான். டிஜிசிஏ உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர், ஊற்றிய ஆயிலைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'அதே கிரேடுதான், வேறு கம்பெனி' என்பது இங்கே எடுபடாது. பட்டியலில் இல்லாத ஆயில் உள்ளே இருந்தால் விமானம் பறக்கத் தகுதியற்றது.

வீட்டுத் தோட்டத்திலோ கல்லூரிப் பட்டறையிலோ பழைய கார் இன்ஜினை வைத்து விமானம் கட்டும் ஆர்வம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் உண்டு. ஆர்வம் நல்லது. டிஜிசிஏ அனுமதி இல்லாமல் அது தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. இன்ஜினைத் தரையில் கட்டி ஓட்டிப் பார்ப்பதே ஒரு நல்ல பாடம். காரில் மட்டமாக இருந்த ஆயில் சம்ப், விமானம் மூக்கைத் தூக்கினால் சாயும். ஆயில் பின்னால் ஓடிவிட்டால் பம்ப் காற்றைக் குடிக்கும். எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றியிருந்தாலும் அப்போது பேரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது. எனவே மாற்றியமைத்த இன்ஜினில் சம்ப்பின் தடுப்புகளையும் உறிஞ்சு குழாயின் இடத்தையும் பார்ப்பது, ஆயில் பிராண்டைப் பார்ப்பதைவிட முக்கியம். காரின் சிவப்பு எச்சரிக்கை விளக்கும் போதாது. அது எரியும்போது அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருக்கும். அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் தனித்தனி மீட்டர் வேண்டும்.

ஊற்றும் முன் ஐந்து கேள்விகள்

இன்ஜின் எது, அதன் கையேடு எந்தத் தரத்தைச் சொல்கிறது? தண்ணீரால் குளிர்கிறதா, காற்றாலா? கியர்பாக்ஸும் கிளட்சும் அதே ஆயிலில் ஓடுகின்றனவா? எரிபொருளில் ஈயமோ எத்தனாலோ இருக்கிறதா? கடைசியாக ஆயில் மாற்றி எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மாதம் ஆனது?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்துவிட்டால், கடையில் கை எந்த டப்பாவுக்குப் போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். சீல் உடையாததா, அதிகாரப்பூர்வ விற்பனையாளரிடம் வாங்கியதா என்பதையும் பார்த்து, டப்பாவின் பேட்ச் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். போலி ஆயில் லாரிக்காரரின் பணத்தைத் தின்னும். விமானத்தில் ஆளையே தின்றுவிடும்.

ஊற்றியதோடு வேலை முடிவதில்லை. பட்டறையில் ஆயிலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து "இன்னும் ஓடும்" என்பார்கள். கரி கலந்த டீசல் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும், நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. விமானப் பராமரிப்பில் பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார்கள். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பு, தாமிரம், அலுமினியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியும். ஒரு தடவை எண்ணைவிட, ஒவ்வொரு தடவையும் அது ஏறுகிறதா என்பதுதான் சேதி. இரும்பு ஏறினால் கேமோ கியரோ தேய்கிறது. தாமிரம் ஏறினால் பேரிங். இன்ஜின் வானத்தில் சொல்லப்போகும் விஷயத்தைத் தரையிலேயே கேட்டுவிடும் வழி அது.

பட்டறைக்காரர் சொன்ன 'பதினஞ்சு நாப்பது' தவறான பதில் அல்ல. அவருடைய லாரிக்கு அது சரி. அந்தப் பதிலுக்குப் பின்னால் அவர் அறிந்த இன்ஜின், அவர் அறிந்த டீசல், அவர் அறிந்த சாலை இருக்கிறது. அதே இன்ஜினை வானத்துக்கு அனுப்பும்போது அந்த மூன்றில் இரண்டு மாறிவிடுகிறது. மாறியது என்ன என்று முதலில் கேட்பவர்தான் சரியான டப்பாவைத் திறக்கிறார்.